பேஸல் டெம்பரேச்சர் சார்ட்: எடுக்கிற முறை, படிக்கிற முறை, கர்ப்பத்தைப் பத்தி அது என்ன சொல்லும்

கயல்_மதுரை

குழந்தைக்கு முயற்சி பண்றவங்க பகுதியில ஒரே ஒரு நாள் டெம்பரேச்சரைப் போட்டு "98.1 இருக்கு, நின்னுடுச்சா?"ன்னு கேக்குற பதிவுதான் அதிகம். ஒரு நாள் அளவை வெச்சு யாராலயும் எதுவும் சொல்ல முடியாது. அதனால விஷயம் தெரிஞ்சவங்க எல்லாரும் இங்கேயே எழுதுங்க, இனி கேக்குறவங்களுக்கு இந்த இழையைக் காட்டிடலாம்.

பேஸல் டெம்பரேச்சர்னா தூங்கி முழிச்சதும், எழுந்திருக்கிறதுக்கு முன்னாடி எடுக்கிற உடல் வெப்பம். அடிப்படை இதுதான். கருமுட்டை வெளியே வந்ததும், அது இருந்த பை கார்பஸ் லூட்டியமா மாறி புரோஜெஸ்டிரான் சுரக்கும். அந்த ஹார்மோன் மூளையில ஹைப்போதலாமஸ் வெச்சிருக்கிற உடல் வெப்ப அளவை லேசா ஏத்திவிடும். பீரியட்ஸ் முடிஞ்சதுல இருந்து முட்டை வர்ற வரைக்கும் பொதுவா 97.0-க்கும் 97.5-க்கும் நடுவுல ஓடும். முட்டை வந்து ஒண்ணு ரெண்டு நாள்ல 0.4-ல இருந்து 0.8 வரைக்கும் ஏறி, அடுத்த பீரியட்ஸ் வரைக்கும் அங்கேயே நிக்கும். (இங்கே எல்லாமே ஃபாரன்ஹீட். நம்ம மருந்துக்கடையில கிடைக்கிற வெப்பமானி பெரும்பாலும் அதுலதான் காட்டும்.) ஆளுக்கு ஆள் அளவு மாறும். ஒருத்தருக்கு ஏறினப்புறம் இருக்கிற அளவே இன்னொருத்தருக்கு ஏறுறதுக்கு முன்னாடி இருக்கும். அதனால அடுத்தவங்க சார்ட்டோட ஒப்பிட்டுப் பாக்குறதுல அர்த்தம் இல்லை. பாக்க வேண்டியது கீழ்வரிசை, மேல்வரிசைன்னு ரெண்டு தெரியுதா, நடுவுல படி தெரியுதாங்கிறது மட்டும்தான்.

எடுக்கிற முறை:

ராத்திரியே வெப்பமானியைத் தலைமாட்டுல வெச்சிடுங்க. குறைஞ்சது மூணு மணி நேரம் தொடர்ந்து தூங்கியிருக்கணும். கண் முழிச்சதும் எழுந்து உக்காராம, பேசாம, தண்ணி குடிக்காம நாக்குக்கு அடியில வைங்க. முன்பக்கம் இல்லை, நாக்கோட வேர் கிட்ட ஒரு ஓரமா குழி மாதிரி இருக்கும், முனை அங்கே போகணும். வாயை மூடிக்கங்க. அளவை உடனே எழுதிடுங்க, பக்கத்துலயே எத்தனை மணின்னும் எழுதுங்க. இந்த நேரம்தான் நிறைய பேர் விடுறது. பின்னாடி ஒரு புள்ளி மட்டும் துருத்திக்கிட்டு நின்னா ஏன்னு சொல்லப்போறது அதுதான்.

பீரியட்ஸ் ஆரம்பிச்ச நாள் 1-ம் நாள். லேசா பட்டது கணக்கு இல்லை, சரியா போக ஆரம்பிக்கணும்.

அளவுகோல்

வெப்பமானியைப் பத்தி நான் சேர்க்கிறேன், அளவுக் கருவிகள்தான் என் தொழில்.

நாம தேடுறது 0.4 ஃபாரன்ஹீட் வித்தியாசம். செல்சியஸ்ல அது வெறும் 0.2. செல்சியஸ்ல ஒரே ஒரு தசம இடம் காட்டுற காய்ச்சல் வெப்பமானியில இது ரெண்டே படிதான், ரவுண்டு பண்றதுலயே பாதி காணாமப் போயிடும். செல்சியஸ்ல எடுக்கணும்னா 36.45 மாதிரி ரெண்டு தசமம் காட்டுற பேஸல் வெப்பமானிதான் வேணும். ஃபாரன்ஹீட்ல ஒரு தசமம் போதும், 0.1 ஃபாரன்ஹீட்டே ஏறக்குறைய 0.06 செல்சியஸ்தான். ரெண்டு தசமம் இருந்தா இன்னும் நல்லது.

நெத்தியில காட்டுற இன்ஃப்ராரெட் துப்பாக்கி, காதுல வைக்கிறது ரெண்டும் இதுக்கு ஆகாது. தோல் வெப்பம் ஃபேன் காத்துக்கே மாறும். அக்குளும் வேண்டாம்.

பத்து செகண்டுல பீப் அடிக்கிற டிஜிட்டல் வெப்பமானிகள்ல பலதும் முழுசா அளக்காது. ஏறுற வேகத்தைப் பாத்து எங்கே போய் நிக்கும்னு கணிச்சுச் சொல்லும். காய்ச்சலுக்கு அது போதும், இதுக்குப் போதாது. முனையை ரெண்டு மூணு நிமிஷம் நாக்கடியில வெச்சிருந்துட்டு அப்புறம் பட்டனை அழுத்துங்க, அளவு நிலையா வரும். பாதரச வெப்பமானின்னா முழுசா அஞ்சு நிமிஷம், அதை உதறி இறக்குற வேலையை முந்தின ராத்திரியே முடிச்சிடணும்.

ஒரு சுழற்சிக்கு நடுவுல வெப்பமானியை மாத்தாதீங்க. ஒரே கம்பெனி, ஒரே மாடல் ரெண்டுக்கே 0.2 வித்தியாசம் இருக்கலாம். உடைஞ்சு போய் மாத்தித்தான் ஆகணும்னா அந்த நாள்ல ஒரு கோடு போட்டுக் குறிச்சிடுங்க. அளவு தாறுமாறா வர ஆரம்பிச்சா பேட்டரியைப் பாருங்க.

நொச்சி

கயல், அளவுகோல் சகோ ரெண்டு பேரும் சொன்னது சரி. வாயைத் திறந்து தூங்குறவங்க, ஏசி அறையில படுக்கிறவங்க, சைனஸ் தொல்லை இருக்கிறவங்களுக்கு வாய் அளவு குதிச்சுக்கிட்டே இருக்கும். அவங்க பிறப்புறுப்பு வழியா மூணு நிமிஷம் வெச்சு எடுக்கலாம், ரொம்ப நிலையா வரும். ஆனா ஒரு சுழற்சி முழுக்க ஒரே இடம். இன்னைக்கு வாய், நாளைக்கு அங்கேன்னு மாத்தினா படி ஏறினது ஹார்மோனாலயா இடம் மாறினதாலயான்னு தெரியாது.

அளவைக் கெடுக்கிறது: காய்ச்சல், சளி, தடுப்பூசி போட்ட மறுநாள், ராத்திரி மது, தூக்கம் கெட்ட இரவு, தாமதமா முழிக்கிறது. வழக்கத்தை விட ஒரு மணி நேரம் தள்ளி முழிச்சா சுமாரா 0.2 ஏறலாம். அதுக்காக 0.2 கழிச்சு எழுதாதீங்க! வந்த அளவை அப்படியே எழுதி, சுத்தி ஒரு வட்டம் போட்டு காரணத்தை எழுதுங்க. படிக்கும்போது தேவைப்பட்டா அந்தப் புள்ளியை விட்டுடலாம்.

நைட் ஷிஃப்ட்ல இருக்கிறவங்க 24 மணி நேரத்துல எப்போ நீளமா தூங்குறீங்களோ அதுக்கப்புறம் எடுங்க. ஷிஃப்ட் வாராவாரம் மாறுச்சுன்னா இந்த முறையை நம்பாதீங்க, எல்ஹெச் பட்டையும் (முட்டை வர்றதுக்கு முன்னாடி ஏறுற எல்ஹெச் ஹார்மோனைச் சிறுநீர்ல காட்டுற சோதனைப் பட்டை) வெள்ளைப்படுதலைக் கவனிக்கிறதும்தான் உங்களுக்கு.

ஸ்காபரோ_வாணி

கனடாவில இருக்கிற ஆக்களுக்கு ஒண்டு சொல்லோணும். இஞ்ச மார்ச்சில மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளுவினம், நவம்பரில பின்னுக்கு எடுப்பினம். நவம்பர் மாத்தத்துக்குப் பிறகு அதே ஆறு மணிக்கு அலாரம் வச்சு எழும்பினாலும் உடம்புக்கு அது ஏழு மணி. அளவு ஒரு சின்னப் படி ஏறினமாதிரி நிக்கும், மூண்டு நாலு நாளையில இறங்கிவிடும். சுழற்சியின்ர நடுவில அது வந்தா கருமுட்டை வந்திட்டுது எண்டு பிழையா நினைக்கச் சரியான வாய்ப்பிருக்கு. ஊருக்குப் போய் வந்த கிழமையும் அப்பிடித்தான், அந்தக் கிழமைப் புள்ளியளை நம்பேலாது.

புதுவரவு

அக்கா, சார்ட்ல கோடு போடணும்னு சொல்றாங்களே, அது எப்படின்னு கொஞ்சம் எடுத்துக்காட்டோட சொல்லுங்க. ஆப் போட்ட கோடு ரெண்டு நாள்ல தானா இடம் மாறிடுது.

கயல்_மதுரை

ஆப் கோட்டை மறந்துடுங்க மா. புதுப் புள்ளி சேரச் சேர அது மறுபடி கணக்குப் போடும், அதான் நகருது. கையாலயே போடலாம், அஞ்சு நிமிஷ வேலை. இதைப் பாருங்க, பழகுறதுக்காக நானே எழுதின மாதிரி சார்ட்:

10-ம் நாள் 97.2
11-ம் நாள் 97.4
12-ம் நாள் 97.3
13-ம் நாள் 97.9 (தாமதமா முழிச்சது, வட்டம்)
14-ம் நாள் 97.2
15-ம் நாள் 97.3
16-ம் நாள் 97.1
17-ம் நாள் 97.6
18-ம் நாள் 97.7
19-ம் நாள் 97.9
20-ம் நாள் 97.8

13-ம் நாள் வட்டம் போட்டது, விட்டுடுங்க. 17-ம் நாள் வந்த 97.6, அதுக்கு முன்னாடி இருக்கிற ஆறு நல்ல புள்ளியை விடவும் (10, 11, 12, 14, 15, 16) உயரம். அந்த ஆறுல உச்சம் 97.4. அங்கே ஒரு படுக்கைக் கோடு போடுங்க. கோட்டுக்கு மேல தொடர்ந்து மூணு நாள் வரணும், மூணாவது நாள் கோட்டை விட குறைஞ்சது 0.4 மேல இருக்கணும். 97.4-ம் 0.4-ம் 97.8. 19-ம் நாள் 97.9 வந்திருக்கு, உறுதி. முட்டை வெடிச்சது பெரும்பாலும் 15-க்கும் 17-க்கும் நடுவுல.

மூணாவது நாள் 97.8-ஐத் தொடலைன்னா நாலாவது நாளுக்குக் காத்திருங்க, அது கோட்டுக்கு மேல இருந்தாலே போதும். மூணுல ஒண்ணு கோட்டுக்கு வந்து விழுந்துட்டா அதை விட்டுட்டு நாலாவதைப் பாருங்க, ஆனா அப்போ அந்த நாலாவது கட்டாயம் 0.4 மேல இருக்கணும். ரெண்டு சலுகையையும் ஒரே சார்ட்டுல எடுத்துக்கக் கூடாது.

13-ம் நாளை வட்டம் போடாம விட்டிருந்தா என்ன ஆகும்னு பாருங்க. ஆறுல உச்சம் 97.9 ஆயிடும், கோடு அங்கே போயிடும், அப்புறம் வந்த எந்தப் புள்ளியும் அதைத் தாண்டியிருக்காது. "எனக்கு முட்டையே வரலை"ன்னு அழுதிருப்பாங்க.

வெண்பா82

அப்போ 19-ம் நாள் உறுதியானா அதுக்கப்புறம் சேர்ந்தா போதுமா?

நொச்சி

இல்லை தோழி, அந்த மாசத்துக்கு அப்போ வாய்ப்பு முடிஞ்சாச்சு. முட்டை உயிரோட இருக்கிறது 12-ல இருந்து 24 மணி நேரம். விந்தணு நல்ல திரவம் இருந்தா அஞ்சு நாள் வரைக்கும் தாங்கும். 1995-ல அமெரிக்காவுல வில்காக்ஸ் குழு 221 பெண்களைத் தொடர்ந்து பார்த்து வெளியிட்ட ஆய்வுல, கரு உண்டானது எல்லாமே முட்டை வர்ற நாளோட முடியுற ஆறு நாளுக்குள்ளதான். டெம்பரேச்சர் ஏறுறது அந்த ஆறு நாளும் முடிஞ்சப்புறம். பஸ் போனதுக்கு அப்புறம் வர்ற அறிவிப்பு இது.

நாளைப் பிடிக்கணும்னா வேற ரெண்டு இருக்கு. ஒண்ணு, வெள்ளைப்படுதல். பீரியட்ஸ் முடிஞ்சு வறட்சி, அப்புறம் பசை மாதிரி, அப்புறம் க்ரீம் மாதிரி, கடைசியில முட்டை வெள்ளைக்கரு மாதிரி தெளிவா, விரல் நடுவுல இழுத்தா நூலா நீளும். அந்த வழுவழுப்பு இருக்கிற நாள்கள்தான் நாள்கள். ரெண்டாவது, எல்ஹெச் பட்டை. இதுக்கு விடியற்காலை சிறுநீர் வேண்டாம், காலை பத்து மணிக்கு மேல எடுங்க, அதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி தண்ணியைக் குறைச்சுக்கங்க. சோதனைக் கோடு கட்டுப்பாட்டுக் கோடு அளவுக்கோ அதைவிடவோ அடர்த்தியா இருந்தாதான் பாசிட்டிவ், மங்கலா தெரியுறது கணக்கு இல்லை. பாசிட்டிவ் ஆகி 24-36 மணி நேரத்துல முட்டை வரும். பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) இருக்கிறவங்களுக்கு எல்ஹெச் எப்பவுமே தூக்கலா இருக்கலாம், பட்டை நாள்கணக்கா பாசிட்டிவ் காட்டும். அங்கேதான் டெம்பரேச்சர் கை கொடுக்குது: பட்டை பாசிட்டிவ் ஆன ரெண்டு மூணு நாள்ல படி ஏறலைன்னா உடம்பு முயற்சி பண்ணி விட்டுடுச்சு, திரும்பவும் முயற்சி பண்ணும்னு அர்த்தம்.

இதெல்லாம் வேண்டாம்னா ஒரு நாள் விட்டு ஒரு நாள் சேர்ந்திருங்க, அவ்வளவுதான். கணக்குப் பாத்து ரெண்டு பேருக்கும் சலிச்சுப்போறதை விட அது நல்லது.

புதுவரவு

படியே இல்லாம பீரியட்ஸ் வருமா?

கயல்_மதுரை

வரும். முட்டை வராமலே உள்சுவர் தடிச்சுப் போய் உதிர்றது அது. ரத்தம் வந்ததால சுழற்சி சரியா இருக்குன்னு நினைச்சுக்கிட்டு இருப்பாங்க, சார்ட்டைப் பாத்தா முழுக்க ஒரே வரிசையா இருக்கும். எப்பவாவது ஒரு மாசம்னா பெரிசு பண்ண வேண்டாம். தொடர்ந்து வந்தா டாக்டர்கிட்ட காட்டுங்க, தைராய்டு, புரோலாக்டின் பாப்பாங்க.

படி ஏறினாலும் நூறு சதவீதம் முட்டை வெளிய வந்துச்சுன்னு சொல்ல முடியாது. சில சமயம் பை வெடிக்காமலே கார்பஸ் லூட்டியமா மாறி புரோஜெஸ்டிரான் சுரக்கும். சார்ட்ல அச்சு அசலா ஒரே மாதிரிதான் தெரியும், ஸ்கேன்லதான் பிடிபடும்.

சோதனைக்குழாய்

இவ்வளவு நேரம் யாரும் சொல்லாத ஒண்ணை நான் சொல்றேன், லேப்ல நிக்கிற ஆள் என்கிறதால. இந்தச் சார்ட்டோட பெரிய பயன், ரத்தப் பரிசோதனைக்கு எந்த நாள் வரணும்னு தெரிஞ்சுக்கிறதுதான்.

புரோஜெஸ்டிரான் டெஸ்டுக்கு "21-ம் நாள்"னு சீட்டு எழுதிக் கொடுத்திருப்பாங்க. அது 28 நாள் சுழற்சிக்கு. உண்மையில எடுக்க வேண்டியது முட்டை வந்து ஏழாவது நாள். 35 நாள் சுழற்சி உள்ளவங்களுக்கு அது 28-ம் நாள் பக்கம் வரும். 21-ம் நாளே வந்து கொடுத்தா குறைவாத்தான் காட்டும், "முட்டை வரலை"ன்னு ரிப்போர்ட்டைப் பாத்துப் பயந்துபோவாங்க. கயல் அக்கா போட்ட மாதிரி சார்ட்டுக்கு 23-ம் நாள் சரி. 3 நானோகிராமுக்கு மேல இருந்தா முட்டை வந்திருக்குன்னு எடுத்துக்கலாம். அதுக்கு மேல 8-ஆ 14-ஆன்னு மண்டையை உடைச்சுக்க வேண்டாம், இந்த ஹார்மோன் விட்டு விட்டுத் துடிப்பாச் சுரக்கும், அதே நாள்லயே ஏறி இறங்கும்.

மாத்திரை எடுக்கிறவங்க கவனிங்க. மைக்ரோனைஸ்டு புரோஜெஸ்டிரான் (வாய் வழியா, அல்லது உள்ளே வைக்கிற கேப்ஸ்யூல்) டெம்பரேச்சரை ஏத்தும். நிறுத்துற வரைக்கும் இறங்காது, அந்த உயரத்துக்கு மாத்திரைதான் காரணமா இருக்கலாம். டைட்ரோஜெஸ்டிரான், அதாவது டுஃபாஸ்டான்ல இருக்கிறது, டெம்பரேச்சரை ஏத்தாது. ரத்த புரோஜெஸ்டிரான் டெஸ்ட்டுலயும் அது தெரியாது. ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சு சார்ட்டைப் படிச்சா தப்பாயிடும்.

வெண்பா82

சரி, கர்ப்ப அறிகுறிக்கு வருவோம். படி ஏறின ஏழாம் நாள் ஒரு நாள் மட்டும் இறங்கி மறுபடி ஏறினா கரு பதிஞ்சுடுச்சுன்னு எல்லா இடத்துலயும் எழுதியிருக்கு. மேல்வரிசைக்கும் மேல இன்னொரு ஏற்றம், அதாவது மூணாவது படி வந்தா நிச்சயம்னும் சொல்றாங்க.

நொச்சி

ரெண்டுமே நிச்சயம் இல்லை. அந்த ஒரு நாள் இறக்கம் கர்ப்பம் இல்லாத சுழற்சியிலயும் வரும், கர்ப்பமான பல சுழற்சியில வரவே வராது. மூணாவது படியும் அப்படித்தான்.

1999-ல அதே வில்காக்ஸ் குழு சொன்னது: நிலைச்ச கர்ப்பங்கள்ல 84 சதவீதம் முட்டை வந்த 8-ல இருந்து 10-வது நாளுக்குள்ள பதிஞ்சிருக்கு. பதிஞ்சப்புறம்தான் ஹெச்சிஜி, அதாவது கர்ப்ப டெஸ்ட் தேடுற ஹார்மோன், சுரக்கவே ஆரம்பிக்கும். அதுக்கு முன்னாடி வர்ற மார்பு வலி, வயிறு உப்புசம், அசதி, மலச்சிக்கல் எல்லாம் புரோஜெஸ்டிரான் வேலை, கரு இருந்தாலும் இல்லாட்டாலும் வரும். வாந்தி உணர்வு பெரும்பாலும் கடைசி பீரியட்ஸ்ல இருந்து ஆறாவது வாரம் வாக்குலதான் தொடங்கும்.

சார்ட் சொல்ற உருப்படியான ஒரே அறிகுறி, உயரம் இறங்காம நிக்கிறது. மேல்வரிசை வழக்கமா 12-14 நாள். 18 நாள் தொடர்ந்து மேலேயே இருந்தா கர்ப்பத்துக்கு வாய்ப்பு ரொம்ப அதிகம். மேல உள்ள மாதிரியில 17-ம் நாளை முதல் உயர நாளா எண்ணினா 34-ம் நாள் வரும்.

மாறா, மேல்வரிசை பத்து நாளைத் தாண்டாம மாசாமாசம் பீரியட்ஸ் வந்துட்டே இருந்தா அதையும் டாக்டர்கிட்ட சொல்லணும்.

புதுவரவு

உடம்பு சூடா இருந்தா கரு தங்காதுன்னு பெரியவங்க சொல்றது இந்தச் சூடுதானா? ஏறினா பயமா இருக்கு.

கயல்_மதுரை

இல்லவே இல்லை. அவங்க சொல்றது பப்பாளி, எள்ளு, வயித்து எரிச்சல் சமாச்சாரம். இது அரை டிகிரி, கரு தங்குறதுக்கு வேண்டிய ஹார்மோன் இருக்குங்கிறதுக்கு அடையாளம். இறக்குறதுக்காக எதையும் குடிக்காதீங்க. 100.4-ஐத் தொட்டா அது காய்ச்சல், அதுக்கு வைத்தியம் பாருங்க.

சோதனைக்குழாய்

வீட்டு டெஸ்ட் எப்போ: படி ஏறினதுல இருந்து 14 நாள் கழிச்சு. காலை முதல் சிறுநீர். பாக்கெட்டுல எத்தனை சொட்டு போட்டிருக்கோ அத்தனைதான், அதிகமா ஊத்தினா கோடு கலங்கும். சொன்ன நேரத்துக்குள்ள, வழக்கமா அஞ்சு நிமிஷத்துல படிங்க. குப்பைத்தொட்டியில இருந்து அரை மணி கழிச்சு எடுத்துப் பாத்தா தெரியுற சாம்பல் கோடு காய்ஞ்ச தடம், அது பாசிட்டிவ் இல்லை.

முட்டை வெடிக்க ஹெச்சிஜி ஊசி (5000 அல்லது 10000 யூனிட்) போட்டவங்க அந்த ஊசி உடம்புல இருந்து போறதுக்கு 10-ல இருந்து 14 நாள் ஆகும். அதுக்குள்ள டெஸ்ட் போட்டா ஊசியையே பாசிட்டிவ்னு காட்டும்.

அளவுகோல்

ஆம்பளைங்க யாரும் எழுதாததால நானே சொல்லிடறேன். மாசக்கணக்கா பொண்டாட்டி மட்டும் விடியக்காலம் வெப்பமானியோட எழுந்திருப்பாங்க, வீட்டுக்காரர் ஒரு விந்துப் பரிசோதனைக்குக் கூட போயிருக்க மாட்டார். ரெண்டுல இருந்து ஏழு நாள் இடைவெளி விட்டு, ஒரு டப்பாவுல கொடுக்கிற வேலை. சார்ட் ஆரம்பிக்கிற மாசமே அதை முடிச்சிடுங்க.

நொச்சி

நூறு லைக். 35 வயசுக்குக் கீழேன்னா ஒரு வருஷம், மேலேன்னா ஆறு மாசம் முயற்சி பண்ணி நிக்கலைன்னா நேரே டாக்டர். பீரியட்ஸ் ஒழுங்கா வராதவங்க அதுக்கும் காத்திருக்க வேண்டாம். இங்கிலாந்துல மருத்துவ வழிகாட்டுதல் வெளியிடுற நைஸ் (NICE) அமைப்போட வழிகாட்டுதல்லயே முட்டை வருதான்னு உறுதிசெய்ய இந்தச் சார்ட்டைப் பரிந்துரைக்கலை. டாக்டர் உங்க சார்ட்டை ஓரமா வெச்சுட்டு ஸ்கேன் எழுதினா கோவிச்சுக்காதீங்க.

ஸ்காபரோ_வாணி

கர்ப்ப ரெஸ்ட் (டெஸ்ட்) பொசிட்டிவ் வந்தபிறகும் தினமும் அளக்கிறவையும் இருக்கினம். ஒரு நாள் 0.3 இறங்கினா கரு கலைஞ்சிட்டுது எண்டு பயந்து ஓடுவினம். முதல் மூண்டு மாதத்துக்குப் பிறகு அளவு தானாவே மெல்ல இறங்கும், இடையில ஒரு நாள் இறங்குறதிலயும் ஒண்டும் இல்லை. பொசிட்டிவ் எண்டா வெப்பமானியைப் பெட்டியில வைச்சிடுங்கோ.

கயல்_மதுரை

அதோட இதையும் சேருங்க: கரு குழாயில பதிஞ்சிருந்தாலும் டெம்பரேச்சர் உயரமாத்தான் இருக்கும், வீட்டு டெஸ்ட்டும் பாசிட்டிவ்தான் காட்டும். ஒரு பக்கமா அடிவயிறு வலி, ரத்தம் படுறது, தோள்பட்டை முனையில வலி, தலைசுத்தல் எது வந்தாலும் அன்னைக்கே ஆஸ்பத்திரி.

வெண்பா82

கடைசியா ஒண்ணு. உயரம் 18 நாள் தாண்டியும் வீட்டு டெஸ்ட் நெகட்டிவ்னா?

சோதனைக்குழாய்

முதல்ல படி ஏறின நாளைச் சரியாக் குறிச்சீங்களான்னு திரும்பப் பாருங்க, வட்டம் போட வேண்டிய புள்ளியை முதல் உயர நாளா எண்ணியிருந்தா கணக்கு நாலஞ்சு நாள் முன்னே போயிருக்கும். அப்புறம் புரோஜெஸ்டிரான் மாத்திரை ஓடுதான்னு பாருங்க. ராத்திரி நிறைய தண்ணி குடிச்சிருந்தா சிறுநீர் நீர்த்துப் போயிருக்கும். கார்பஸ் லூட்டியம் கட்டியா நின்னு சுரந்துக்கிட்டே இருந்தாலும் இப்படி ஆகும். இதுல எதுன்னு வீட்டுல உக்காந்து கண்டுபிடிக்க முடியாது. ரத்தத்துல பீட்டா ஹெச்சிஜி எடுத்துடுங்க, வெறும் வயித்துல வர வேண்டியதில்லை. அளவு கொஞ்சமா இருந்தா 48 மணி நேரம் கழிச்சு அதே லேப்ல இன்னொரு தரம். லேப் மாத்தினா ரெண்டு அளவையும் ஒப்பிட முடியாது. டாக்டர்கிட்ட போகும்போது சார்ட்டைக் கையோட எடுத்துட்டுப் போங்க, எந்த மாத்திரை எந்த நாள் ஆரம்பிச்சதுன்னு அதுலயே எழுதி.